ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்குத் தனியாகச் செய்யும் குழல்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

குறியாளன் கேட்டது:

என்னிடம் இருப்பது குழலை மடக்கித் திறக்கும் வகையைச் சேர்ந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள். கீல் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு ஒரு குழலுக்குப் பதிலாக வேறொரு குழலை மாட்டிக்கொள்ளலாம். இப்போது அதில் .30-30 வின்செஸ்டர் தோட்டாவுக்கான குழல் இருக்கிறது. பக்கத்து இலக்குகளுக்கு அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 150 மீட்டரைத் தாண்டியதும் குண்டு கீழே இறங்குவது மிக விரைவாக இருப்பதால், ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டாவது குழல் ஒன்றைச் சொல்லிச் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறேன். உரிமம் தொடர்பான வேலைகள் முடிந்துவிட்டன.

என் தேவை இதுதான்: பெரும்பாலான நேரம் 300 மீட்டர் வரை காகித இலக்கில் சுடுவேன், அனுமதி உள்ள பருவத்தில், அதைவிடக் குறைந்த தூரத்தில், மான் அளவுள்ள விலங்குகளையும் வேட்டையாடுவேன். பட்டியலில் .308 வின்செஸ்டர், 7எம்எம்-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர், 7×57ஆர் ஆகிய நான்கு தோட்டாக்களை வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவர், "எப்படியும் தனியாகச் செய்கிறாய், ஆக்லி இம்ப்ரூவ்டு (கூட்டின் வடிவத்தை மாற்றி வெடிமருந்துக்குக் கூடுதல் இடம் செய்த) வகையில் ஏதாவது ஒன்றைச் செய்துகொள்" என்கிறார். கடையில் வாங்கும் தோட்டாக்களைத்தான் அதிகம் பயன்படுத்துவேன். நேரம் கிடைக்கும்போது, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தையும் குண்டையும் மறுபடி நிரப்பவும் செய்வேன். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினே இல்லாத துப்பாக்கிக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது, கைப்பிடியால் முன்பின் நகர்த்திப் பூட்டும் போல்ட் ரைஃபிளுக்குப் பார்ப்பதைவிட வேறாக எதைப் பார்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பித்தளைக்கூடு எழுதியது:

நான்கு தோட்டாக்களின் பெயரைச் சொன்ன நீங்கள், உங்கள் பிரேம், அதாவது குழலும் பூட்டும் பொருந்தும் உலோக உடல், எந்த அளவுடையது என்பதைச் சொல்லவில்லை. அது தெரியாமல் இந்த நான்கில் எதையும் யாரும் பரிந்துரைக்கக் கூடாது. எனவே முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சுடும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தம் குண்டை முன்னால் தள்ளுவதைப் போலவே கூட்டின் அடியைப் பின்னாலும் தள்ளுகிறது. இந்தப் பின்தள்ளு விசையைத் தாங்குபவை போல்ட் ரைஃபிளில் போல்ட்டின் காதுகள். உங்கள் துப்பாக்கியிலோ பிரேமின் பின்முகம், கீல் ஆணி, பூட்டு ஆகிய மூன்றும்தான். விசையின் அளவு, அழுத்தத்தைக் கூட்டின் அடிப்பரப்பால் பெருக்கினால் கிடைக்கும். கூட்டின் வெளிவிட்டத்தை வைத்துப் போட்டால் கணக்கு உண்மையைவிடச் சற்று அதிகமாகவே வரும், ஏனெனில் அழுத்தம் செயல்படுவது உட்பரப்பில். ஆனாலும் தோட்டாக்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

.30-30 தோட்டாவின் அடிவிட்டம் 0.42 அங்குலம்; அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான சாமி அதற்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்ட். பெருக்கினால் விசை சுமார் 5,800 பவுண்ட். .223 ரெமிங்டனின் அழுத்தம் 55,000 ஆக இருந்தாலும் அடி சிறியது என்பதால் விசை சுமார் 6,100 பவுண்ட்தான். அரை அங்குல அகலமுள்ள பெரிய .45-70 தோட்டாவோ, 28,000 பவுண்ட் அழுத்தத்துக்குள் நிற்பதால் 5,600 அளவில் முடிந்துவிடுகிறது. பார்வைக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இந்த மூன்றும் பிரேமுக்குக் கொடுக்கும் சுமை ஏறக்குறைய ஒன்றுதான். 1967இல் வெளிவந்த தாம்சன் சென்டர் காண்டெண்டர் பிரேமுக்கு இந்த மூன்றிலும் குழல்கள் தயாரானதும், .308இல் தயாராகாததும் தற்செயல் அல்ல.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். .308 தோட்டாவின் அடிவிட்டம் 0.47 அங்குலம், அழுத்தம் 62,000. விசை சுமார் 10,800 பவுண்ட். 6.5 கிரீட்மோருக்கும் அதே அடி, அதே அழுத்தம். 7எம்எம்-08இன் அழுத்தம் 61,000 என்பதால் ஒரு நூலளவு குறையும், அவ்வளவே. நீங்கள் இப்போது சுடும் .30-30ஐவிட இவை ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமையைக் கீல் ஆணியின் மேல் ஏற்றும். காண்டெண்டர் அளவுள்ள சிறிய பிரேம் என்றால் இந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது. அதே நிறுவனத்தின் பெரிய பிரேமான என்கோர் போன்றது என்றால் மூன்றும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

"முதல் தோட்டாவைச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். தாங்கும் எல்லையை மீறிய பிரேம் முதல் நாளே உடையும் என்பதில்லை. பின்முகத்துக்கும் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். தயாரித்தவர் அந்தப் பிரேமுக்கு எந்தெந்தத் தோட்டாக்களில் குழல் கொடுத்திருக்கிறார் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெடுங்குழல் எழுதியது:

பித்தளைக்கூடு சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கே உரிய இன்னொரு கேள்வி இருக்கிறது: கூட்டின் அடியில் விளிம்பு இருக்க வேண்டுமா, வேண்டாமா?

விளிம்பில்லாத தோட்டாக்கள் மேகசினுக்காகப் பிறந்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்புகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கவே விளிம்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பள்ளம் வெட்டினார்கள். மேகசினே இல்லாத துப்பாக்கிக்கு அந்த வசதி எதற்கு? விளிம்புள்ள கூட்டை எக்ஸ்ட்ராக்டர் அகலமாகப் பிடித்து வெளியே தள்ளும். விளிம்பில்லாத கூட்டுக்கோ, வில்லோடு கூடிய சிறு நகம் ஒன்று பள்ளத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். அந்த வில் தளர்ந்தாலோ, நகத்தின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் சேர்ந்தாலோ, சுட்ட கூடு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான சேம்பரிலேயே தங்கிவிடும். போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே கூட்டை முறுக்கித் தளர்த்தும் வலிமை கிடைக்கிறது. குழலை மடக்கும் துப்பாக்கியில் அது மிகக் குறைவு.

ஐரோப்பாவில் மடக்குத் துப்பாக்கி மரபு நீண்டது என்பதால், அங்கே ஒரே தோட்டாவுக்கு விளிம்புள்ள வடிவத்தையும் தனியாகச் செய்தார்கள். 7×57க்கு 7×57ஆர், 6.5×57க்கு 6.5×57ஆர். வில்ஹெல்ம் பிரென்னக்கே 7×64க்கு இணையாகக் கொடுத்தது 7×65ஆர். மடக்குத் துப்பாக்கிகளையும் இரட்டைக் குழல் ரைஃபிள்களையும் மனத்தில் வைத்தே இவற்றின் அழுத்தத்தை விளிம்பில்லாத இணைகளைவிடக் குறைவாக வரையறுத்திருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் மடக்கும் ரைஃபிளுக்கென்றே பிறந்தது 7×57ஆர் ஒன்றுதான். 7×57இன் உடல் சற்றுக் கூம்பலாக இருப்பதால், சுட்ட பிறகு சேம்பரை விட்டு எளிதாக நகர்ந்து வரும். 140 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்கு 2,600 அடிக்கு மேல் அனுப்பும் தோட்டாவுக்கு 300 மீட்டர் காகிதம் ஒரு பெரிய தூரமே அல்ல.

ஒருவேளை உங்கள் பிரேம் சிறியதாக இருந்துவிட்டால், புதுக் குழலே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. .30-30இன் குண்டுகள் மொட்டையான முனையோடு வருவதற்குக் காரணம், அந்தத் தோட்டா வழக்கமாகப் போகும் லீவர் ரைஃபிளின் குழாய் மேகசின். அதில் ஒரு குண்டின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரைத் தொட்டபடி நிற்பதால் கூரான குண்டு ஆபத்து. உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. கூடுகளை நீங்களே நிரப்பும்போது கூர்முனைக் குண்டை வைத்துச் சுட்டால், அதே குழலில் காற்றின் தடை கணிசமாகக் குறையும். அதே .30-30 கூட்டின் கழுத்தை 7 மில்லிமீட்டருக்கு ஒடுக்கி, வின்செஸ்டர் 1984இல் வெளியிட்ட 7-30 வாட்டர்ஸ் தோட்டா, குறைந்த பின்தள்ளு விசையோடு இன்னும் நேரான பாதையைக் கொடுக்கும்.

குறியாளன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கையேட்டை எடுத்துப் பார்த்தேன். என்னுடையது பெரிய பிரேம்தான், தயாரிப்பாளரின் பட்டியலில்.243, .308, .30-06 ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஆகவே வலிமை பற்றிய ஐயம் தீர்ந்தது.

தொலைநோக்கி இல்லாமல் துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 7 பவுண்ட். தோள்பட்டையில் பழைய வலி ஒன்று இருப்பதால் பின்னுதையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 7×57ஆர் பற்றி நெடுங்குழல் ஐயா சொன்னது மனத்துக்குப் பிடித்திருந்தாலும், அதற்குக் கடைத் தோட்டாக்களில் கிடைக்கும் தேர்வு மிகக் குறுகியதாகத் தெரிகிறது. 6.5 கிரீட்மோருக்கும் 7எம்எம்-08க்கும் இடையில் எதை எடுப்பது என்பதும், முறுக்கு (குண்டைச் சுழற்றும் உள்வரிகள் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நீளம்), குழலின் நீளம் ஆகியவற்றுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்பதும்தான் இப்போதைய கேள்வி.

முறுக்குவரி எழுதியது:

பின்னுதையை முதலில் முடித்துவிடலாம். 7 பவுண்ட் எடையை வைத்து, வழக்கமான குண்டு எடைகளுக்கும் மருந்து அளவுகளுக்கும் கணக்கிட்டால், 100 கிரெயின் குண்டுள்ள .243 ஏறக்குறைய 10 முதல் 11 அடி-பவுண்ட் ஆற்றலோடு தோளைத் தள்ளும். 140 கிரெயின் குண்டுள்ள 6.5 கிரீட்மோர் 15ஐ ஒட்டியும், அதே எடையுள்ள 7எம்எம்-08 அதைவிட ஓர் அடி-பவுண்ட் கூடுதலாகவும் இருக்கும். 150 கிரெயின் .308 சுமார் 18, 165 கிரெயின் .30-06 சுமார் 24. ஆகவே உங்கள் கடைசி இரண்டுக்கும் இடையில் தோளால் வித்தியாசம் காண முடியாது; .308ஐ நீக்கியது மட்டும் சரியான முடிவு. தோள் உண்மையிலேயே தொல்லை கொடுப்பதாக இருந்தால் .243ஐ மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1955இல் வந்த அந்தத் தோட்டாவை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். 300 மீட்டருக்குள் அதன் பாதை யாருக்கும் இளைத்ததல்ல.

இனி முறுக்கு. தோட்டாவின் பெயரைவிட இதுதான் குழலின் குணத்தை நிர்ணயிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. குண்டு பறக்கும்போது தலைகுப்புறப் புரளாமல் நிற்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் குண்டின் எடையைவிட நீளத்துக்கே பங்கு அதிகம். கிரீன்ஹில் 1879இல் கொடுத்த எளிய சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு உதவும்: குண்டின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 6.5 மில்லிமீட்டர் குண்டின் விட்டம் 0.264 அங்குலம், 140 கிரெயின் எடையுள்ள நீளமான இலக்குக் குண்டு 1.35 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், விடை 7.7 வருகிறது. அதாவது ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கிரீட்மோருக்கு உள்ள வழக்கமான முறுக்கும் அதுவே. இதே கணக்கை 1.1 அங்குல நீளமுள்ள 150 கிரெயின் .308 குண்டுக்குப் போட்டால் 12.9 வரும்; .308 குழல்கள் 12 அங்குல முறுக்கோடு நெடுங்காலம் செய்யப்பட்டதன் நியாயம் அதில் தெரியும். குழலுக்குப் பணம் கொடுக்குமுன் மில்லரின் சூத்திரத்தால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது எடை, வேகம், காற்றின் அடர்த்தி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. நிலைப்புக் காரணி 1.5ஐ ஒட்டி வந்தால் கவலையில்லை.

இதில்தான் 6.5 கிரீட்மோருக்கு ஓர் இயல்பான சாதகம் இருக்கிறது. 2007இல் அதை வெளியிட்டபோதே நீளமான குண்டையும், விரைவான முறுக்கையும், அதற்கேற்ற சேம்பர் அளவையும் ஒன்றாகவே வரைந்துவிட்டார்கள். ஆகவே கடையில் கிடைக்கும் எந்தத் தோட்டாவும், தரப்படுத்தப்பட்ட சேம்பரும் 8 அங்குல முறுக்கும் கொண்ட குழலில் பெரும்பாலும் நன்றாகவே சுடும். 7எம்எம்-08, .308இன் கழுத்தை ஒடுக்கி 1980இல் வந்தது. அதன் கடைத் தோட்டாக்கள் வேட்டையை நோக்கியவை. 120, 140 கிரெயின் குண்டுகளைச் சுற்றியே நிற்கின்றன. மானுக்கு அதைவிடச் சிறந்தது வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சுடுதலில் பெரும்பங்கு காகிதம் என்பதால் என் வாக்கு 6.5க்கே.

சேம்பருக்கு முன்னால், வரிகள் தொடங்கும் வரை உள்ள வழுவழுப்பான பகுதியை த்ரோட் என்கிறோம். மேகசின் இல்லாததால் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு வரம்பில்லை. ஆகவே த்ரோட்டை நீளமாக்கி, குண்டை வெளியே இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஆலோசனை உங்களுக்குக் கட்டாயம் வரும். முழுவதும் தாமே நிரப்பிச் சுடுபவர்களுக்கு அது சரி. கடைத் தோட்டாக்களை நம்பியிருக்கும் உங்களுக்கு, குண்டு வரியைத் தொடுமுன் தாண்ட வேண்டிய தூரம் வீணாகக் கூடும். இன்னொன்றும் உண்டு: குழலை மடக்கும் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே அழுத்தி ஏற்றும் வலிமை இல்லை. குண்டை வரியில் அழுந்தும்படி நீளமாக வைத்துவிட்டால் துப்பாக்கி மூடாது; வலிந்து மூடிவிட்டுப் பிறகு சுடாமல் திறந்தால், குண்டு குழலிலேயே சிக்கிக்கொண்டு கூடு மட்டும் வெளியே வர, மருந்து முழுவதும் பூட்டின் உள்ளே கொட்டும். த்ரோட்டைத் தர அளவிலேயே விட்டுவிடுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்து வைத்தவர். போல்ட் நகர்வதற்கான இடம் தேவைப்படாததால், ஒற்றைத் தோட்டா ரைஃபிள் அதே நீளக் குழலுள்ள போல்ட் ரைஃபிளைவிட ஏறக்குறைய 4 அங்குலம் குட்டையாக இருக்கும். 24 அங்குலக் குழலை மாட்டினாலும் கையில் 20 அங்குலப் போல்ட் ரைஃபிளைப் போலத்தான் இருக்கும். பெட்டியின்மேல் அச்சிட்ட வேகங்களும் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தவை. 26 ஆக்கினால், அங்குலத்துக்கு வினாடிக்கு 20 முதல் 30 அடி என்ற அளவில் சிறிது வேகம் கூடும். அதற்கு ஈடாக முன்பாரமும் கூடும்.

நெடுங்குழல் எழுதியது:

கடைத் தோட்டா முக்கியம் என்றால் என் 7×57ஆர் தோற்றுவிட்டது; வாதிட ஒன்றுமில்லை. இருந்தாலும், இந்த இழையைப் பின்னால் படிக்கும் வேறு யாராவது 7×57 குடும்பத்தை எடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தோட்டா 1890களில் நீண்ட, உருண்டை முனையுள்ள 173 கிரெயின் குண்டுக்காகப் பிறந்தது. அதற்கேற்ப, அதன் மரபான த்ரோட்டும் நீளமானது. 140 கிரெயின் குண்டை மட்டும் சுடுவதாக இருந்தால், குறுகிய த்ரோட் வேண்டும் என்று தனியாகச் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். முறுக்குவரி கிரீட்மோருக்குச் சொன்ன அறிவுரை, பழைய தோட்டாக்களுக்கு இப்படித் தலைகீழாகிவிடும்.

இங்கே பலரிடம், பின்னால் உள்ள அடைப்புக் கட்டை கீழே இறங்கித் திறக்கும் ஃபாலிங் பிளாக் வகை ரைஃபிள்களும் இருப்பது தெரியும். ரூகர் நம்பர் 1 போன்ற இக்காலத்து ஆக்‌ஷன் என்றால் மேலே சொன்ன எந்தத் தோட்டாவும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் ஜான் பிரவுனிங் 1879இல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து வந்த வின்செஸ்டர் 1885 ரைஃபிளின் பழைய அசல் ஒன்றில் புதுக் குழல் மாட்ட நினைப்பவர்கள், 60,000 பவுண்ட் அழுத்தமுள்ள எதையும் நினைக்கவே வேண்டாம். அக்காலத்து எஃகு வேறு. பிரைமரை அடிக்கும் ஊசி வரும் துளையும் அகலமானது. உயர் அழுத்தத்தில் பிரைமர் அந்தத் துளைக்குள் பிதுங்கித் துளைபட்டு, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். பழைய ஆக்‌ஷன்களில் அந்தத் துளைக்குப் புதுப் புஷ் அடித்துச் சிறிய ஊசி போடுவது இதற்காகத்தான்.

பித்தளைக்கூடு எழுதியது:

ஆக்லி இம்ப்ரூவ்டு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டின் உடலைக் கூம்பலின்றி நேராக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியான தோளை 40 பாகையில் செங்குத்தாக்கி, உள்ளே கொஞ்சம் கூடுதல் மருந்துக்கு இடம் செய்வதே அந்த முறை. பி.ஓ. ஆக்லி பல தோட்டாக்களை இப்படி மாற்றினார். நேரான சுவர் சேம்பரை நன்றாகப் பற்றிக்கொள்வதால் பின்தள்ளு விசை குறைகிறது என்று ஒரு வாதம் உண்டு. அதை நம்பிப் பலரும் சிறிய பிரேம்களில் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். பித்தளை சேம்பரைப் பற்றுவது உண்மைதான். ஆனால் சேம்பரில் ஒரு துளி எண்ணெய் தங்கியிருந்தாலே அந்தப் பிடி போய்விடும்; முழு விசையும் பின்முகத்துக்கு வரும். எண்ணெய் துடைக்க மறந்த ஒரு நாளில் தாங்காத பிரேம், எந்த நாளுக்கும் ஏற்றதல்ல.

அதோடு, கூம்பல் குறைந்த கூடு சேம்பரில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நெடுங்குழல் விளக்கியபடி, உங்கள் துப்பாக்கிக்கு ஒட்டிய கூட்டைப் பெயர்க்கும் வலிமை குறைவு. கிடைப்பதோ வினாடிக்குச் சில பத்து அடிகள். உங்கள் நண்பரிடம், போல்ட் ரைஃபிள் வாங்கும்போது யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கிரீட்மோரிலும் உடல் கூம்பல் குறைவு, தோள் 30 பாகை என்று யாராவது சுட்டிக்காட்டலாம். சரியே. அதனால்தான் அந்தக் குழலில் மருந்தை உச்ச அளவுக்கு ஏற்றாமல், உச்சத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். கூடு ஒட்டத் தொடங்குவதுதான் இந்த வகைத் துப்பாக்கி கொடுக்கும் முதல் எச்சரிக்கை.

குறியாளன் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன்: 6.5 கிரீட்மோர், 24 அங்குலம், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, தர அளவு த்ரோட். கம்மியருக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் வேறு என்ன இருக்க வேண்டும்? குரோம்-மாலி எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்றும் கேட்கிறார்.

முறுக்குவரி எழுதியது:

எஃகைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். துருவைப் பற்றிக் கவலை இருந்தால் துருப்பிடிக்காதது; பழைய குழலின் கருநீல நிறத்தோடு பொருந்த வேண்டுமென்றால் குரோம்-மாலி. உங்கள் அளவில் சுடுபவருக்கு இரண்டின் ஆயுளும் ஒன்றுதான்.

தாளில் மறக்காமல் எழுத வேண்டியது ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பரில் கூடு நிற்கும் இடத்துக்கும் பின்முகத்துக்கும் இடையிலான தூரம், பற்றியது. குழலை மட்டும் அனுப்பிச் சேம்பர் வெட்டச் சொல்லாமல், பிரேமையும் சேர்த்துக் கொடுத்து, உங்கள் பிரேமில் மாட்டிய நிலையிலேயே அளக்கச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ளும் குழல்கள் ஒரே மாதிரியைச் சேர்ந்த பிரேம்களுக்குப் பொதுவாகப் பொருந்தினாலும், பின்முகத்துக்கும் குழலின் அடிக்கும் இடையிலான இடைவெளி பிரேமுக்குப் பிரேம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மாறும். விளிம்புள்ள தோட்டாவில் விளிம்பே பின்னால் பிடித்து நிறுத்தும். கிரீட்மோரிலோ கூட்டின் தோள்தான் நிறுத்துகிறது. 'கோ' அளவி உள்ளே இருக்கும்போது துப்பாக்கி இயல்பாகப் பூட்ட வேண்டும், 'நோ-கோ' இருக்கும்போது பூட்டக் கூடாது. எக்ஸ்ட்ராக்டர் நகம் விளிம்பில்லாத தோட்டாவுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதையும், தொலைநோக்கித் தாங்கிக்கான துளைகள் உங்கள் பழைய குழலில் உள்ள அதே இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி குழலோடு சேர்ந்தே நிற்கும் அமைப்பு என்பதால், வசதி இருந்தால் இந்தக் குழலுக்கென்று தனித் தொலைநோக்கி வைத்துவிடுவது நல்லது. குழலை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறி சரிசெய்யும் வேலை மிச்சமாகும்.

முன்கட்டை ஒரு தனித் தலைவலி. அது குழலில் திருகால் நேரடியாக இறுகியிருப்பதால், திருகின் இறுக்கம் மாறினாலும், மரம் ஈரத்தில் உப்பினாலும், குண்டுகள் விழும் இடம் நகரும். கட்டை குழலை எங்கே தொடுகிறது என்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருகை எப்போதும் ஒரே இறுக்கத்துக்கு முறுக்குங்கள். மேசையில் சுடும்போது மணல்மூட்டையை முன்கட்டையின் நுனியில் வைக்காமல், கீலுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். குண்டுகள் செங்குத்தாகச் சிதறுவது பல துப்பாக்கிகளில் இதனாலேயே குறைந்துவிடுகிறது.

பித்தளைக்கூடு எழுதியது:

கூடுகளை மறுபடி நிரப்பும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மடக்கும் பிரேம்கள் சுடும் கணத்தில் போல்ட் ரைஃபிளைவிடச் சற்றுக் கூடுதலாக விரிந்து மீள்கின்றன. அதற்கேற்பக் கூடும் நீள்கிறது. கழுத்தை மட்டும் ஒடுக்கி நிரப்பினால் சில சுற்றுகளிலேயே துப்பாக்கி மூட மறுக்கும். முழுக் கூட்டையும் அளவுக்குக் கொண்டுவரும் டையைப் பயன்படுத்துங்கள். ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதைப் போல டையை அடிவரை இறக்கிவிடாதீர்கள். தோள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டும் பின்னால் போகும்படி, சிறிது சிறிதாக இறக்கிச் சரிபாருங்கள். அதற்கு மேல் தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அடிக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்துகொண்டே வரும்.

கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறினால், வெளியே கோடு எதுவும் தெரியாவிட்டாலும் அந்தக் கூட்டையும், அதே எண்ணிக்கையில் சுடப்பட்ட மற்றக் கூடுகளையும் எறிந்துவிடுங்கள்.